காலியான குடல்கள் இரண்டு

கூட்டுப்புழுவின் தோலைப் பிளந்துகொண்டு நீர்ப்பரப்பின் மேல் எழுந்து நிற்கும் கொசுவின் குடல் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். புழுவாக இருந்த நாட்களில் அழுக்குத் தண்ணீரோடு விழுங்கிச் சேர்த்த பாக்டீரியாவில் பெரும்பகுதியை உருமாற்றத்தின்போது பழைய குடலின் எச்சங்களோடு ஓர் உறையில் பொதிந்து அது கழித்துவிடுகிறது. அந்த வெறுமை நீடிப்பதில்லை. பிறந்த தண்ணீரிலிருந்தே ஒரு வாய் உறிஞ்சுகிறது, பிறகு பூந்தேன் தேடிப் போகிறது, குடியேற்றம் மறுபடி தொடங்கிவிடுகிறது. பெண் கொசு ரத்தம் குடித்த ஒரு நாளைக்குள் இந்தக் கூட்டம் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று பெருகும்.

மலேரியா ஒட்டுண்ணியோ டெங்கு வைரஸோ ரத்தத்தோடு உள்ளே வந்தால், இந்தக் கூட்டத்தின் நடுவே புகுந்துதான் குடல்சுவரை எட்ட வேண்டும். பாக்டீரியா அவற்றுக்குத் தடையா, துணையா? தடை என்றால் எந்த பாக்டீரியா, எந்த விதத்தில்? விடை தேடுகிறவருக்கு முதலில் வேண்டியது குடலில் பாக்டீரியா இல்லாத ஒரு கொசு. அதைப் பெற இரண்டு வழிகள் உண்டு. வளர்ந்த கொசுவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து, இருப்பதைக் கொல்வது ஒன்று. முட்டையிலேயே கிருமி நீக்கி, கடைசிவரை ஒரு பாக்டீரியாவும் அண்டாமல் வளர்ப்பது மற்றொன்று. இரண்டு வழிகளின் முடிவுகளையும் ஒன்றுக்கு மற்றொன்று சாட்சி என்பதுபோல அடுத்தடுத்து எடுத்துக்காட்டும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த இரண்டு வழிகளும் ஒரே கொசுவைக் கொண்டுவந்து நிறுத்துவதில்லை.

முதல் வழி எளிது. பூச்சி வளர்ப்பறையில் கூண்டுக் கொசுக்களுக்கு எப்படியும் 10 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் பஞ்சை நனைத்து வைப்பார்கள். அதில் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும், அல்லது ஜென்டாமைசினும் கலந்துவிட்டால் வேலை தொடங்கிவிடும். கொசு வெளிவந்ததிலிருந்து சில நாட்கள் அதைக் குடிக்கவிட்டு, மருந்தை நிறுத்தி, பசிக்க வைத்து, பிறகு ரத்தம் கொடுப்பார்கள். நடுவில் சில கொசுக்களின் நடுக்குடலைப் பிரித்தெடுத்து நசுக்கி அகார் தட்டில் பூசிப் பார்ப்பார்கள். ஒரு புள்ளியும் முளைக்கவில்லை என்றால் குடல் காலி. தனியாக எந்தக் கருவியும் வேண்டாம். கொசு வளர்க்கும் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

துறையின் அடித்தளமான கண்டுபிடிப்புகள் இந்த எளிமையிலிருந்துதான் வந்தன. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் டிமோபுலோஸ் குழு 2008இல் ஏடிஸ் எஜிப்தி கொசுவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தபோது அதன் குடலில் டெங்கு வைரஸ் கூடியது. 2009இல் ஆப்பிரிக்க மலேரியாக் கொசுவான அனாபிலஸ் காம்பியேயில் அதையே செய்தபோது பால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி கூடியது. பாக்டீரியாவைத் திரும்ப ஊட்டியதும் குறைந்தது. குடலில் பாக்டீரியா இருப்பதால் கொசுவின் நோயெதிர்ப்பு எப்போதும் சற்று விழிப்பாக இருக்கிறது, ஒட்டுண்ணி அந்த விழிப்பில் அடிபடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 2011இல் சாம்பியாவில் பிடித்த காட்டுக் கொசுக்களிலிருந்து ஓர் எண்டரோபாக்டர் பாக்டீரியாவைப் பிரித்தார்கள். அது கொசுவின் நோயெதிர்ப்பின் உதவி இல்லாமலே, வீரியமுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளிவிட்டு ஒட்டுண்ணியை நேரடியாகக் கொல்கிறது என்று தெரிந்தது.

இன்னொரு நுட்பமான செய்தியும் இந்த வழியில்தான் கிடைத்தது. ரத்தம் உள்ளே போனதும் கொசுவின் குடல் அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறையை நெய்கிறது. ஆன்டிபயாடிக் குடித்த அனாபிலஸில் அந்த உறை சரியாக உருவாவதில்லை. உறை நெய்யச் சொல்வதே பெருகும் பாக்டீரியாதான். அந்த உறைதான் பிறகு அதே பாக்டீரியா குடலைத் தாண்டி உடலுக்குள் பரவாமல் தடுக்கிறது. தன்னை அடைக்கும் வேலியைத் தானே போடச் சொல்லும் கூட்டம் இது.

ஆனால் இந்த வழியின் குறைகளும் சிறியவை அல்ல. முதலாவது, காலி என்று சொன்ன குடல் பல நேரம் காலியில்லை. 2011இல்தான் முறையாகப் பெயர் பெற்ற எலிசபெத்கிங்கியா அனாபிலிஸ் என்ற பாக்டீரியா அனாபிலஸ் குடலிலிருந்தே முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. பல ஆன்டிபயாடிக்குகள் அதனிடம் பலிக்காது. போட்டியாளர்கள் செத்துப்போன குடலில் இத்தகைய ஒன்று தங்கிவிட்டால், நாம் ஒப்பிடுவது பாக்டீரியா உள்ள கொசுவையும் இல்லாத கொசுவையும் அல்ல. பலவகை பாக்டீரியா உள்ள கொசுவையும் ஒருவகை பாக்டீரியா மட்டும் கொழுத்த கொசுவையும்தான். அகார் தட்டு இதைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பவும் முடியாது, தட்டில் முளைக்கத் தெரியாத பாக்டீரியா ஏராளம். டி.என்.ஏ. சோதனையும் சேர்த்துச் செய்யாத ஆய்வுகளை நான் பாதிதான் நம்புவேன். ஈஸ்ட், பூஞ்சை முதலியவற்றை இந்த மருந்துகள் தொடுவதே இல்லை என்பது வேறு.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. மருந்து பாக்டீரியாவோடு நிற்பதில்லை. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமை முடக்கி வேலை செய்கின்றன. கொசுவின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா பழங்கால பாக்டீரியாவின் வாரிசு. அதன் ரைபோசோமும் அதே சாயல் கொண்டது. அங்கேயும் மருந்து கை வைக்கும். பழ ஈக்களில் டெட்ராசைக்ளின் கொடுத்த பாதிப்பு, மருந்தை நிறுத்தி இரண்டு தலைமுறை கழிந்தும் மைட்டோகாண்ட்ரியாவில் தெரிந்தது என்று 2007இல் எழுதினார்கள். மலேரியா ஆய்வில் சிக்கல் இன்னொரு படி மேலே போகிறது. இதே வகையைச் சேர்ந்த டாக்ஸிசைக்ளின் மனிதர்களுக்கு மலேரியாத் தடுப்பு மருந்தாகவே கொடுக்கப்படுகிறது. ஒட்டுண்ணியின் செல்லுக்குள்ளும் பாக்டீரியா வழிவந்த ஓர் உறுப்பு இருப்பதுதான் காரணம். அப்படியானால் கொசுவில் ஒட்டுண்ணி கூடினாலோ குறைந்தாலோ, அது பாக்டீரியா போனதாலா, மருந்து ஒட்டுண்ணியைத் தொட்டதாலா, கொசுவே களைத்துப்போனதாலா? கவனமான ஆய்வாளர் மருந்தைத் தேர்ந்தெடுத்து இதில் ஒரு பகுதியைத் தவிர்க்கலாம். முழுவதும் தவிர்க்க முடியாது.

மூன்றாவது, ஆன்டிபயாடிக் கொசு பாக்டீரியாவோடு வளர்ந்த கொசு. குடித்தனக்காரரைக் காலிசெய்த வீட்டில் சுவரில் ஆணியும் அடுப்படியில் புகைக்கறையும் இருக்கும், கட்டியதிலிருந்து யாருமே குடிவராத வீட்டில் அவை இருக்காது. செத்த பாக்டீரியாவின் செல்சுவர்த் துண்டுகள்கூடக் கொசுவின் நோயெதிர்ப்பைத் தூண்டப் போதுமானவை. குடலிலுள்ள உணர்புரதங்கள் அந்தத் துண்டுகளை அடையாளம் காணத்தான் இருக்கின்றன.

இந்தக் குறைகள்தாம் ஆய்வாளர்களை இரண்டாவது வழிக்குத் திருப்பின. திருப்பின என்று சொல்வதுகூட அவ்வளவு பொருத்தமில்லை. அந்த வழி ஆன்டிபயாடிக்கைவிட மூத்தது. 1935இல், பெனிசிலின் மருந்தாகப் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தில் வில்லியம் ட்ரேகர் ஏடிஸ் எஜிப்தி புழுக்களை உயிருள்ள நுண்ணுயிர் எதுவும் இன்றி வளர்த்துக் காட்டினார். கல்லீரல் சாறும் ஈஸ்ட்டும் கலந்து கிருமி நீக்கிய ஊட்டம் கொடுத்தார். இதே ட்ரேகர்தான் நாற்பது ஆண்டுகள் கழித்து, 1976இல், ஜேம்ஸ் ஜென்சனோடு சேர்ந்து பால்சிபாரம் ஒட்டுண்ணியை ஆய்வகக் குடுவையில் தொடர்ந்து வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். உலகின் மலேரியா ஆய்வகங்கள் இன்றும் அந்த முறையின் மேல்தான் நிற்கின்றன. ஓர் உயிரை அதன் சுற்றத்திலிருந்து பிரித்துத் தனியே வாழவைக்க என்ன வேண்டும் என்ற ஒரே கேள்வியை அவர் ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தோன்றுகிறது.

இன்றைய செய்முறை இது. முட்டைகளை 70 சதவீத எத்தனாலில் ஐந்து நிமிடம், பிளீச் கலந்த கிருமிநாசினியில் மூன்று நிமிடம், மீண்டும் எத்தனாலில் ஐந்து நிமிடம் வைத்து, கிருமி நீக்கிய நீரில் அலசுவார்கள். குடல் பாக்டீரியா முட்டையின் ஓட்டின் மேல்தான் ஒட்டிக்கொண்டு வருகிறது, உள்ளே இல்லை. எனவே ஓட்டைக் கழுவினால் போதும். ஏடிஸ் முட்டை இதற்கு ஏற்றது. காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடக்கும், கழுவலையும் தாங்கும். அனாபிலஸ் முட்டை உலர்ந்தால் பிழைப்பதரிது, கையாள்வது கடினம். க்யூலெக்ஸ் முட்டைகளை ஓடம்போல ஒட்டி இடும், முதலில் அதைக் கலைத்தாக வேண்டும். எந்தக் கொசுவானாலும் பிறகு எல்லாம் மூடிய குடுவைக்குள்தான். வளர்ப்பறைகளில் வழக்கமான மீன் தீனியும் நாய் பிஸ்கட் பொடியும் ஈஸ்ட்டும் அப்படியே உதவாது, உணவையும் கிருமி நீக்க வேண்டும். ஆட்டோகிளேவின் வெப்பத்தில் சில வைட்டமின்கள் அழியும் என்பதால் சிலர் காமாக் கதிரை நாடுகிறார்கள். ஒரு குடுவையில் ஒரு பாக்டீரியா நுழைந்தால் அந்தத் தொகுதி முழுவதும் குப்பைக்குப் போகும்.

இவ்வளவு பாடுபட்டும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கெர்ரி கூன், மைக்கேல் ஸ்ட்ராண்ட் குழு 2014இல் கண்டது திகைப்பூட்டியது. ஏடிஸ் எஜிப்தி, அனாபிலஸ் காம்பியே உட்பட அவர்கள் எடுத்த கொசுக்களின் பாக்டீரியா இல்லாத புழுக்கள் முதல் பருவத்தையே தாண்டவில்லை. பொரித்தன, தின்றன, நீந்தின, வளராமல் செத்தன. உயிருள்ள ஈ. கோலை பாக்டீரியாவைத் தண்ணீரில் விட்டால் போதும், ஒழுங்காக வளர்ந்து கொசுவாகின. செத்த ஈ. கோலை உதவவில்லை. உயிருள்ள பாக்டீரியா இன்றிக் கொசு இல்லை என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். பாக்டீரியா குடலில் ஆக்சிஜனை உறிஞ்சிக் குறைப்பதும், அந்தக் குறைவே புழுவுக்கு ‘தோலுரி, வளர்’ என்ற சமிக்ஞையாவதும்தான் காரணம் என்று 2017இல் அதே குழு விளக்கியது. ஆக்சிஜனைச் சரிவர உறிஞ்ச முடியாதபடி மாற்றிய ஈ. கோலையால் புழுவை வளர்க்க முடியவில்லை என்ற சான்றும் காட்டினார்கள்.

அடுத்த ஆண்டே கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தில் டக் பிராக்னி, பிளேர் ஸ்டீவன் குழு, உயிருள்ள பாக்டீரியா ஒன்றுகூட இல்லாமல் ஏடிஸ் எஜிப்தியை முழுக் கொசுவாக வளர்த்துவிட்டது. அவர்கள் செய்தது பெரிய தந்திரம் அல்ல. கல்லீரல் சாறு, ஈஸ்ட், வெப்பத்தில் கொன்ற ஈ. கோலை ஆகியவற்றை அகாரில் கட்டியாக உறைய வைத்து, அதைப் புழுக்களுக்குக் கொறிக்கக் கொடுத்தார்கள். ட்ரேகரின் சமையல் குறிப்பு புது வடிவத்தில் திரும்பியது என்று சொல்லலாம். புழுக்கள் மெதுவாக வளர்ந்தன, நாட்கள் கூடுதலாக எடுத்துக்கொண்டன. ஆனால் கொசுவாகின. ஒரே கொசு இனம், ஒரே கேள்வி. ஒரு குழு ‘முடியாது’ என்றது, இன்னொரு குழு ‘இதோ’ என்று பறக்கவிட்டது.

முடிச்சு 2021இல் அவிழ்ந்தது, அதுவும் ஜார்ஜியாவிலேயே. காரணம் வெளிச்சம். புழுவுக்கு ரைபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின், இன்றியமையாதது. அது ஒளி பட்டால் சிதையும். வெயிலில் வைத்த பாலில் அது குறைந்துபோவது பால்பண்ணைக்காரர்களுக்குப் பழைய செய்தி. வளர்ப்பறை விளக்கின் கீழ் குடுவையில் இருக்கும் உணவில் அது தீர்ந்துபோகிறது. உயிருள்ள பாக்டீரியா இருந்தால் அது தீரத் தீரப் புதிதாகச் செய்து தருகிறது, செத்த பாக்டீரியாவால் அது ஆகாது. அதே புழுக்களை, அதே ஊட்டத்தோடு, இருட்டில் வைத்தார்கள். பாக்டீரியா இல்லாமலே வளர்ந்து கொசுவாகின. ஏழு ஆண்டு வாதத்தின் நடுவே நின்றது ஒரு விளக்கு. கனெக்டிகட்டின் அகார் கட்டி வெற்றிபெற்றதற்கு, அதில் ஊட்டம் செறிவாக இருந்து, கொறிக்கக் கொறிக்கக் கிடைத்துக்கொண்டே இருந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இந்த அத்தியாயத்தை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆன்டிபயாடிக் முறையின் மேல் ‘மருந்தின் விளைவையும் பாக்டீரியா இல்லாமையின் விளைவையும் குழப்புகிறது’ என்று குற்றம் சாட்டியவர்கள் தூய்மையான மாற்று என்று முன்வைத்தது இந்தக் கிருமியற்ற வளர்ப்பைத்தான். ஆனால் இங்கேயும் ஒரு கலப்படம் ஒளிந்திருந்தது. பாக்டீரியா இல்லாததால் வந்தது என்று நினைத்தது வைட்டமின் இல்லாததால் வந்தது. பாக்டீரியா அந்த வைட்டமினைத் தருகிறது என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று வாதிடலாம்தான். குளத்திலும் குட்டையிலும் வாழும் புழுவுக்கு அது ஒன்றே. குடுவைக்குள் ஒரு காரணத்தைப் பிரித்தெடுக்க முயலும் ஆய்வாளருக்கு ஒன்றல்ல. ஆன்டிபயாடிக் கொசுவில் மருந்து என்ற கூடுதல் காரணி இருக்கிறது என்றால், கிருமியற்ற கொசுவில் ஊட்டம் குறைந்து மெதுவாக நகர்ந்த ஒரு குழந்தைப்பருவம் கூடுதல் காரணியாக இருக்கிறது. புழுப்பருவத்தில் என்ன சாப்பிட்டதோ அதுதான் கொசுவின் உடலளவையும் சேமிப்புக் கொழுப்பையும், ஆகவே முட்டை எண்ணிக்கையையும் தீர்மானிக்கிறது. பெரிய கொசுவுக்கும் சிறிய கொசுவுக்கும் வைரஸ் கொடுத்துப் பார்த்துவிட்டு, வேறுபாட்டை பாக்டீரியாவின் கணக்கில் எழுதக் கூடாது.

இரண்டு கொசுக்களையும் நேருக்கு நேர் நிறுத்தினால் வேறுபாடு கூர்மையாகத் தெரியும். ஆன்டிபயாடிக் ஆய்வுகளைப் படித்தால், பாக்டீரியா போனதும் குடலின் நோயெதிர்ப்பு ஜீன்களின் செயல்பாடு கணிசமாக மாறுகிறது என்ற எண்ணம் வரும். 2020இல் கனெக்டிகட் குழுவினர் தங்கள் கிருமியற்ற ஏடிஸ் பெண் கொசுக்களை வழக்கமானவற்றோடு ஒப்பிட்டபோது, செயல்பாடு மாறிய ஜீன்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. மாற்றத்தின் அளவும் சிறியது. வயதுவந்த கொசுவின் ஜீன்களைப் பொறுத்தவரை பாக்டீரியா அவ்வளவு பெரிய விஷயமில்லை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். யாரை நம்புவது? ஏடிஸும் அனாபிலஸும் வேறு வேறு என்பது ஒரு சமாதானம். ஆனால் எனக்குப் படுவது இதுதான்: பாக்டீரியாவோடு வாழ்ந்து பழகிய உடலிலிருந்து அதைத் திடீரென்று பறித்தால் ஏற்படும் அதிர்வு வேறு, அதை அறியாமலே வளர்ந்த உடலின் அமைதி வேறு. இரண்டு ஆய்வுகளும் சரியாக இருக்க முடியும். ஒன்றை வைத்து மற்றொன்றைப் பொய்யாக்கத் தேவையில்லை.

ரத்தம் செரிப்பதில் ஆன்டிபயாடிக் வழிக்குள்ளேயே முடிவுகள் ஒத்துப்போகவில்லை. 2011இல் பிரேசில் ஆய்வாளர்கள் ஏடிஸ் எஜிப்திக்கு மருந்து கொடுத்தபோது ரத்த அணுக்கள் உடைவது தாமதமானது, முட்டையும் குறைந்தது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் மருந்து கலந்த ரத்தம் குடித்த அனாபிலஸ் கூடுதல் நாட்கள் வாழ்ந்தது, முட்டையும் அதிகமிட்டது. இனமும் வேறு, மருந்தும் வேறு, கொடுத்த விதமும் வேறு. பாக்டீரியா செரிமானத்துக்கு உதவும் கூட்டாளியா, சத்தைப் பிடுங்கும் பாரமா என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது என்பதைத் தவிர இதில் எதையும் உறுதியாகச் சொல்ல நான் தயங்குவேன்.

ஓர் இடத்தில் முட்டையைக் கழுவும் வழி ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாகவே முடியாது. அது வோல்பாக்கியா. சென்னையின் சாக்கடைகளில் கொழிக்கும் க்யூலெக்ஸ் குவின்குஃபேசியேட்டஸ், நம் ஊர்களில் யானைக்கால் நோயைப் பரப்பும் அதே கொசு, இந்த பாக்டீரியாவைத் தன் செல்களுக்குள்ளேயே சுமக்கிறது. தாயிடமிருந்து முட்டையின் உட்புறம் வழியாகவே அது பிள்ளைக்குப் போகிறது. முட்டை ஓட்டை எத்தனை முறை பிளீச்சில் கழுவினாலும் அதைத் தொட முடியாது. எனவே கிருமியற்ற க்யூலெக்ஸ் என்று ஒன்றை ஓட்டைக் கழுவி மட்டும் தயாரித்தால், அதன் குடல் காலியாக இருக்கும், சூலகம் நிறைந்திருக்கும். 1970களின் தொடக்கத்தில் யென், பார் என்ற இருவரும், க்யூலெக்ஸில் சில ஆண்களும் பெண்களும் கூடினால் முட்டை பொரிக்காமல் போவதற்கு வோல்பாக்கியாதான் காரணம் என்று காட்டியது டெட்ராசைக்ளின் கொண்டு அதை அகற்றித்தான். ஏடிஸ் எஜிப்தியில் இயல்பாக வோல்பாக்கியா கிடையாது என்பதால் அங்கே இந்தத் தலைவலி இல்லை. வோல்பாக்கியா புகுத்திய ஏடிஸ் வகைகளை உருவாக்கியதாகப் புதுச்சேரியின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் 2022இல் அறிவித்தது. அந்தக் கொசுக்களில் குடல் பாக்டீரியாவை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று நாளை யாராவது நினைத்தால், டெட்ராசைக்ளினை எடுக்கவே கூடாது. அங்கே முட்டையைக் கழுவும் வழிதான் கைகொடுக்கும்.

காலிசெய்வது பாதி வேலைதான். வேண்டிய பாக்டீரியாவை மட்டும் திரும்பக் குடியேற்றுவது மீதிப் பாதி. 2012இல் புனே ஆய்வாளர்கள் ஏடிஸ் எஜிப்தியின் குடலை ஆன்டிபயாடிக் கொண்டு வெறுமையாக்கிவிட்டு, அதே கொசுவின் குடலில் வாழும் செராஷியா ஓடோரிஃபெரா என்ற பாக்டீரியாவை டெங்கு வைரஸோடு சேர்த்து ஊட்டினார்கள். வைரஸ் தொற்று கூடியது. குடல் பாக்டீரியா என்றால் கொசுவுக்குக் காவல் என்று எளிமையாக நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு குட்டு. பின்னர் 2019இல் சீன ஆய்வாளர்கள், செராஷியா மார்செசென்ஸ் சுரக்கும் ஒரு புரதம் குடல்சுவரின் சளிப்படலத்தைக் கரைத்து வைரஸுக்கு வழிவிடுகிறது என்று காட்டினார்கள். குடியேற்றுவதில் ஆன்டிபயாடிக் வழிக்கு ஒரு சங்கடம் உண்டு. உடலில் மிச்சமிருக்கும் மருந்து புதிதாக வருகிறவரையும் கொல்லும். மருந்து வடியக் காத்திருந்தால், அதற்குள் பழைய பாக்டீரியா தலைதூக்கும். கிருமியற்ற புழுவில் இந்தப் போராட்டம் இல்லை. தண்ணீரில் ஒரு துளி விட்டால் அந்த ஒரே பாக்டீரியாவோடு கொசு வளர்ந்துவிடும். ‘எந்த பாக்டீரியா?’ என்ற கேள்விக்குக் கிருமியற்ற வழிதான் சிறந்தது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

மேலே சொன்ன 2015 ஆய்வைச் செய்த மத்தில்ட் ஜான்ட்ரன் பின்னர் தென்னமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் பாஸ்தர் நிறுவனத்தில் தன் குழுவை அமைத்தார். ஆன்டிபயாடிக்கின் குறைகளைக் கையால் தொட்டு அறிந்தவர் அவர். 2021இல் அந்தக் குழு கொண்டுவந்த உத்தி இரண்டு வழிகளுக்கும் நடுவே ஓடுகிறது. டி-அலனின், டயமினோபைமெலிக் அமிலம் என்ற இரண்டு பொருட்களைத் தானே செய்துகொள்ள முடியாதபடி முடமாக்கிய ஈ. கோலை ஒன்றை எடுத்தார்கள். பாக்டீரியாவின் செல்சுவருக்கு இரண்டும் வேண்டும், கொசுவுக்கு இரண்டும் வேண்டாம். கழுவிய முட்டையிலிருந்து வந்த புழுக்களை இந்த ஈ. கோலையோடும் அந்த இரண்டு பொருட்களோடும் வளர்த்தார்கள். புழு வழக்கமான வேகத்தில் வளர்ந்தது. பிறகு வேண்டிய பருவத்தில் அந்தப் பொருட்கள் இல்லாத புதுத் தண்ணீருக்கு மாற்றினார்கள். சுவர் கட்ட முடியாமல் பாக்டீரியா அழிந்தது, கொசு தொடர்ந்தது. மருந்தும் இல்லை, குன்றிய குழந்தைப்பருவமும் இல்லை. இதன் உண்மையான லாபம், எந்தப் பருவத்தில் பாக்டீரியா போனால் என்ன ஆகும் என்று தனித்தனியே கேட்க முடிவதுதான். மூன்றாம் பருவத்தில் பாக்டீரியாவை இழந்த புழுக்கள் தடுமாறின. ஃபோலிக் அமிலம் தந்தபோது அந்தத் தடுமாற்றம் ஓரளவு குறைந்தது. மறுபடியும் ஒரு வைட்டமின்! ஆனால் இங்கும் ஈ. கோலை வாழ்ந்த சுவடு கொசுவில் இருக்கத்தான் செய்யும். குடித்தனமே அறியாத உடல் வேண்டும் என்றால் இது அல்ல.

கிருமியற்ற கொசு ஆய்வோடு நின்றுவிடவும் இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் சனேரியா என்ற நிறுவனம் மலேரியா ஒட்டுண்ணியையே பலவீனப்படுத்தித் தடுப்பூசியாக்க முயல்கிறது. அந்த ஒட்டுண்ணியைக் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்து மனிதருக்கு ஊசி போட வேண்டும். அதோடு பாக்டீரியாவும் சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது. எனவே கிருமி நீக்கிய முட்டையிலிருந்து அனாபிலஸ் ஸ்டெஃபென்சியை அங்கே கிருமியின்றி வளர்க்கிறார்கள். சென்னைக் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளர்ந்து நகரத்து மலேரியாவைப் பரப்புவதும் இதே இனம்தான். இந்த வேலைக்கு ஆன்டிபயாடிக் வழி பக்கத்தில்கூட வர முடியாது.

தலைகீழான இன்னோர் இடமும் உண்டு. 2023இல் வெளியான ஒரு கண்டுபிடிப்பு இரண்டு வழிகளையும் சாராமல் கிடைத்தது. ஸ்பெயினின் ட்ரெஸ் கான்டோஸில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் வளர்ந்த ஸ்டெஃபென்சி கொசுக்கள் காரணம் தெரியாமல் மலேரியா ஒட்டுண்ணியை ஏற்க மறுக்கத் தொடங்கின. தேடிப் பார்த்தால் குடலில் டெல்ஃப்டியா சுருஹடென்சிஸ் என்ற பாக்டீரியா தானாகக் குடியேறியிருந்தது. அது சுரக்கும் ஹார்மேன் என்ற சிறு மூலக்கூறு ஒட்டுண்ணியின் வளர்ச்சியைத் தடுத்தது. யாரும் குடலைக் காலிசெய்யவில்லை, யாரும் எதையும் ஊட்டவில்லை. ‘வழக்கமான கொசு’ என்று ஒப்பீட்டுக்காகப் பக்கத்துக் கூண்டில் வைக்கும் கொசுவின் குடலில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. கிருமியற்றதோ ஆன்டிபயாடிக் குடித்ததோ, இரண்டையும் நாம் அளப்பது அந்தக் கூண்டை வைத்துத்தான்.

இவ்வளவும் சொன்னபின், கிருமியற்ற வழி தூயது, ஆன்டிபயாடிக் வழி குறுக்குவழி என்ற ஒரு மேட்டிமை துறையில் பரவுவதை நான் ஏற்கமாட்டேன். அந்த 2015 ஆய்வு இதற்கு நல்ல பதில். லண்டன் இம்பீரியல் கல்லூரியும் பர்கினா ஃபாசோ ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது அது. மருந்தைச் சர்க்கரையில் அல்ல, மனித ரத்தத்திலேயே, சிகிச்சை எடுக்கும் ஒருவரின் ரத்தத்தில் இருக்கக்கூடிய அளவில் கலந்து கொடுத்தார்கள். கொசுவின் குடல் பாக்டீரியா குலைந்தது, அது மலேரியாவைச் சுமக்கும் திறன் கூடியது. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ஆன்டிபயாடிக் வாங்கிவரும் ஒருவரை அன்றிரவே கொசு கடிக்கும் ஊர்களில், இப்படிப்பட்ட கொசு உண்மையிலேயே பறந்துகொண்டிருக்கிறது. கிருமியற்ற கொசுவோ குடுவைக்கு வெளியே எங்கும் கிடையாது. ஊரில் எந்த மருந்தைப் பரவலாகக் கொடுத்தால் மலேரியா கூடும், எதைக் கொடுத்தால் கூடாது என்பது பொதுச் சுகாதாரத்துக்கு அவசரமான கேள்வி. டாக்ஸிசைக்ளினும் பெனிசிலினும் அங்கே ஒன்றல்ல, ஒன்று ஒட்டுண்ணியையும் அடிக்கும், மற்றது அடிக்காது. மருந்து ‘கலப்படமாக’ நுழைவதுதான் ஆன்டிபயாடிக் வழியின் குற்றம் என்று முன்னே சொன்னேன். இந்தக் கேள்வியில் அந்த மருந்துதான் விசாரணைப் பொருள். மருந்தே படாத கொசுவை வைத்துக்கொண்டு இதற்கு விடை தேட முடியாது.